எவ்வளவு ஸ்லைட்டா?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது.

இங்கே நான், உன் அப்பா, உன் அண்ணன், அண்ணி, அவங்க பொண்ணு எல்லாரும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திரிச்சு நல்லாத்தான் இருக்கோம். உன் சுகத்துக்குப் பதில் போடுன்னு எழுதுறதுதான் முறை, ஆனா உன்னைக் கேட்டா என்ன பதில் வரும்னு எனக்குத் தெரியும், ஸ்லைட்டா டயர்டும்மா, மத்தபடி ஒண்ணும் இல்லைன்னு வரும், அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு, அதனால கேட்கலை. இது உன் கையில கிடைச்சிருக்குன்னா நீ இன்னும் என் பொண்ணுதான். குளிருக்குப் போட்டுக்கன்னு பார்சல்ல அனுப்புற இந்த ஜாக்கெட்டோட நீல லைனிங்ல மஞ்சள் நூல் ஓடியிருக்கிறதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கண்ணு போச்சா புத்தி போச்சான்னு நினைச்சிருப்பே, ரெண்டும் போகலை. துணிக்கு ஒரு நிறம் நூலுக்கு ஒரு நிறம்னு நான் என் ஆயுசுக்கும் தச்சதில்லை, அப்படித் தச்சவங்களை நான் என்ன பாடு படுத்துவேன்னு கடையில எல்லாருக்கும் தெரியும், உனக்கு இன்னும் நல்லாத் தெரியும். எந்தத் துணி கைக்கு வந்தாலும் முதல்ல உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கிறது நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள வியாதி. உன் வீட்டுக்காரர் வெளிப்பக்கம் பார்ப்பார், பட்டன் பளபளன்னு இருக்கா, அக்கம்பக்கத்துல கேட்டா சொல்லிக்கிற மாதிரி இருக்கான்னு பார்ப்பார், அவருக்கு எட்டுறது அவ்வளவுதான். அந்தத் தைரியத்துலதான் இதை முதுகுப் பக்கம் பஞ்சுக்கும் லைனிங்குக்கும் நடுவுல வச்சுத் தைக்கிறேன். பேட்டர்ன் வெட்டுற மெல்லிசு காகிதம், ரெண்டு பக்கமும் எழுதுறேன், எழுத்து பொடியா இருக்கும், பொறுத்துக்கோ. கதவைச் சாத்திட்டுப் படி.

போன்ல சொல்லக்கூடாதான்னு கேட்பே. போன்ல உன்கூட நான் தனியாப் பேசி எத்தனை காலமாச்சு? நீ எடுத்ததும் ஸ்பீக்கர்ல போட்டாகணும், மெசேஜ் அனுப்பினா அவர் படிச்சு முடிச்சுத்தான் உன் கைக்கு வரும், கேட்டா ஒளிவுமறைவு இல்லாத குடும்பமாம், ரொம்பப் பெருமை. போன மாசம் வீடியோவில பேசினப்ப நீ டம்ளரை எடுக்கக் கையை நீட்டினே, சட்டைக் கை மேல ஏறிச்சு, மணிக்கட்டுக்கு மேல விரல் விரலா நீலமாப் பதிஞ்சிருந்தது. என்னடி அதுன்னு கேட்டேன். நீ வாயைத் திறக்கிறதுக்குள்ள அவர் பக்கத்துல இருந்து தலையை நீட்டி, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சுக்கிட்டு, ஒண்ணும் இல்லை அத்தை, ஸ்லைட்டா ஒரு ஆர்க்யுமென்ட், ஸ்லைட்டா கையைப் பிடிச்சேன், இவளுக்குத் தோல் அப்படின்னார். நீயும் ஆமாம்மா, ஸ்லைட்டாத்தான்னு சொன்னே. அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல போன் பண்ணி, புதுசா தைக்கிற டாப்ஸுக்கெல்லாம் கையை ஸ்லைட்டா நீளமா வைம்மான்னு கேட்டே. கண்ணு, உங்கம்மா தையல்காரி. உலகத்துல யாரை வேணும்னாலும் ஏமாத்து, அளவெடுக்கிறவளை ஏமாத்த முடியாது. உன்னை அங்கேயிருந்து கிளப்பி இங்கே கொண்டு வர்றதுக்குத்தான் இந்தக் கடிதம், வேற எதுக்கும் இல்லை, அதை முதல்லயே சொல்லிடுறேன்.

ஆனா அதுக்கு முன்னாடி அந்த வார்த்தையை ஒரு கை பார்த்துடணும், இல்லைன்னா எனக்கு நெஞ்சு ஆறாது. உன் அண்ணன் பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல, நம்ம பேச்சுல கலந்திருக்கிற இங்கிலீஷ் வார்த்தைன்னு அதைக் குடுத்து வாக்கியம் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க. இங்கிலீஷ்ல ஸ்லைட்லின்னு ஒழுங்கா இருந்ததை நாமதான் ஒரு ஆ போட்டு ஸ்லைட்டான்னு ஆக்கி வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்து விட்டிருக்கோம். அகராதியில பார்த்தா சிறிதளவுன்னு ஒத்தை வார்த்தையில முடிச்சுட்டான், அதை எழுதின புண்ணியவான் நம்ம வீட்டுல ஒரு வாரம் குடியிருந்திருந்தா நாலு பக்கத்துக்கு எழுதியிருப்பான். குழந்தைக்கு உன் அண்ணன் எடுத்துக் குடுத்த வாக்கியம் என்ன தெரியுமா, அப்பாவின் கார் ஸ்லைட்டாக உரசியது. போய்ப் பார்த்தேன், ஒரு பக்கத்துக் கதவே திறக்கலை, பின் சீட்டுக்குப் போகணும்னா எதிர்ப்பக்கமா ஏறித் தவழ்ந்து போகணும், துரை அதை உரசல்ங்கிறார். பல் டாக்டர் இருக்காரே, ஸ்லைட்டா வலிக்கும்னு சொல்லிட்டுக் பல்லு பிடுங்குற குறட்டை வாய்க்குள்ள விட்டார், எனக்கு மூணு தலைமுறை கண்ணு முன்னாடி வந்து போச்சு. அவர் விரலைக் கடிச்சு வச்சுட்டேன். ஐயோன்னு கத்தினார், ஸ்லைட்டாத்தானே டாக்டர்னு கேட்டேன், அதுல இருந்து என்னைப் பார்த்தா உதவியாளரை அனுப்பிட்டு உள்ரூமுக்குப் போயிடுறார். குழாய் ரிப்பேர் பண்ண வர்றவருக்கு நம்ம தெருவுல பேரே ஸ்லைட்டு. ஸ்லைட்டா லீக்கும்பார், நாம பாத்ரூமுக்குக் குடை பிடிச்சுக்கிட்டுப் போவோம். ஸ்லைட்டா லேட்டாகும்பார், அடுத்த மழைக்காலத்துல வந்து நிப்பார்.

இவங்களை எல்லாம் வரிசையா நிக்க வச்சுப் பாரு, ஒண்ணு புரியும். செஞ்சவன்தான் இந்த வார்த்தையைச் சொல்றான். இடிச்சவன் ஸ்லைட்டாங்கிறான், இடிபட்ட வண்டிக்காரன் அப்படிச் சொன்னானா, உன் அண்ணன் சட்டையை இல்ல பிடிச்சான். குறடு வச்சிருக்கிறவர் சொல்றார், பல்லு உள்ளவ சொல்றதில்லை. நல்ல சேதிக்கும் இந்த வார்த்தை வராது, எனக்கு ஸ்லைட்டா வேலை உயர்வு கிடைச்சிருக்குன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கியா? லேசா தலைவலின்னு சொன்னா நாலு பேர் தைலம் தேடுவாங்க. கொஞ்சம் காய்ச்சல்னா தொட்டாவது பார்ப்பாங்க. ஸ்லைட்டான்னு சொல்லிட்டா அதோட எல்லாரும் எழுந்திரிச்சு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிடலாம், அதுக்குன்னே செஞ்சு விட்ட வார்த்தை அது. வாசல்ல பெரிய குப்பை கிடக்கும், மேல ஒரு கோணியைப் போட்டு மூடிட்டு விருந்தாளியை வாங்கன்னு கூப்பிடுவாங்களே, அந்தக் கோணிதான் இது. இத்தனை வருஷத்துல பட்டவளே அதைத் தூக்கித் தன் மேல போர்த்திக்கிட்டதை நான் உன்கிட்டதான் பார்த்தேன். உன் கையில நீலத்தைப் பார்த்தப்ப எனக்குக் கோபம்தான் வந்தது. நீ ஆமாம்மா, ஸ்லைட்டாத்தான்னு சொன்னதைக் கேட்டப்ப பயம் வந்துடுச்சு.

நம்ம கடையில அந்த வார்த்தைக்கு என்ன மரியாதைன்னு மறந்துட்டியா? ஸ்லைட்டா லூஸ், ஸ்லைட்டா டைட்னு எப்பேர்ப்பட்டவங்க வந்து சொன்னாலும், எவ்வளவுன்னு கேட்பேன், பிடிச்சுக் காட்டுங்கம்பேன். அவங்க கையாலேயே துணியைப் பிடிச்சுக் காட்டணும், பிடிச்ச இடத்துல நான் குண்டூசி குத்துவேன், அப்புறம்தான் கத்திரியைத் தொடுவேன். காட்டாம யாரும் என் கடைப் படியை இறங்கினதில்லை. இப்பக்கூட ஒரு கல்லூரி முதல்வர் வந்தார், நல்ல கறுப்பு பேன்ட், இடுப்பு ஸ்லைட்டா இறுக்குது, லூஸ் பண்ணிக் குடுங்கன்னார். பிடிச்சுக் காட்டுங்க சார்னேன். பிடிக்கிறதுக்குத் துணி எங்கே இருக்கு, பட்டனுக்கும் காஜா ஓட்டைக்கும் நடுவுல ஒரு குடும்பம் குடித்தனம் பண்ணலாம். சார், நீங்க கேட்கிறது ஆல்டரேஷன் இல்லை, வேற பேன்ட்டுன்னு சொன்னேன். காஜா போடுற அக்கா சிரிப்பை அடக்க முடியாம நூல்கண்டு தேடுற சாக்குல மேஜைக்கு அடியில போயிட்டா. அந்த மனுஷருக்கு முகம் சுண்டிப் போச்சு, ஆனா போறப்ப உண்மையைச் சொன்னார், ரெண்டு வருஷமா மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுத்தான் வகுப்புக்குப் போறாராம். வாய் என்ன வேணும்னாலும் சொல்லட்டும், டேப்பைச் சுத்தினா உடம்பு உள்ளதைச் சொல்லிடும்.

உன் கல்யாணம் பேசின அன்னிக்கு நம்ம ஹால் சோபாவில சாஞ்சு உட்கார்ந்துக்கிட்டு உன் மாமியார் என்ன சொன்னாங்க? என் பையன் சொக்கத் தங்கம், ஸ்லைட்டா முன்கோபம், அவ்வளவுதான்னாங்க. எவ்வளவுன்னு நான் கேட்டேன். அந்த இடத்துலயே கேட்டேன். அந்தம்மா நான் என்னவோ பெரிய நகைச்சுவை சொல்லிட்ட மாதிரி கையைத் தட்டிச் சிரிச்சாங்க, உன் அப்பா மேஜைக்கு அடியில என் காலை மிதிச்ச மிதியில கட்டைவிரல் நகம் கறுத்து, விழுந்து, புதுசு முளைச்சுது. பேச்சு வேற பக்கம் திரும்பிடுச்சு. மாப்பிள்ளைக்கு என்ன வேலைன்னு விசாரிச்சப்ப தரம் பார்க்கிற அதிகாரின்னாங்க, ஒரு ஸ்க்ரூ மயிரிழை பெரிசா இருந்தாக்கூட லாரியோட திருப்பி அனுப்பிடுவாராம், அவர் பேரைச் சொன்னா பட்டறைக்காரனெல்லாம் நடுங்குவானாம். இரும்புக்கு அப்படிப் பார்க்கிற கண்ணு வீட்டுக்குள்ள செருப்பைக் கழட்டினதும் எங்கே போயிடுது? அங்கே மயிரிழை, இங்கே ஸ்லைட்டா. ஆபீஸ்ல ஒருத்தன் சார், ஸ்லைட்டா வளைஞ்சிடுச்சுன்னு ஒரு கம்பியைக் கொண்டு வந்தா இவர் வாங்கி வச்சுக்குவாரா? பெரிய அதிகாரி! ஆபீஸுக்கு ஒரு அளவுகோல், பொண்டாட்டிக்கு ஒரு அளவுகோல் வச்சிருக்கிற மனுஷனை எங்க கடையில பட்டன் தைக்கக்கூடச் சேர்க்க மாட்டோம்.

உன்னையும் சொல்லணும், விட மாட்டேன். மருந்துக்கடையில வேலை பார்த்தவ நீ. ஒரு பாட்டில்ல எத்தனை மில்லி, ஒரு வேளைக்கு எத்தனை சொட்டு, மாறினா என்ன ஆகும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவே. ஒரு நோயாளி வந்து ஸ்லைட்டா மருந்து குடும்மான்னு கையை நீட்டினா குடுத்துடுவியா? வேலையை விட்டதுக்கு ஸ்லைட்டா பிரேக் எடுத்திருக்கேன்னே. சினேகிதியைப் பார்க்கப் போறதே இல்லையேன்னு கேட்டா ஸ்லைட்டா பிஸின்னே. சாப்பிடலையாடி, முகம் ஏன் இப்படி இருக்குன்னா ஸ்லைட்டா பசியில்லைன்னே. ஒவ்வொண்ணா நீ சொன்னப்ப சரி சரின்னு போச்சு. தையல் பிரியறதும் அப்படித்தான், ஒரே நாள்லயா பிரியுது, ஒரு கண்ணி விடும், அப்புறம் பக்கத்துக் கண்ணி விடும், ஒருநாள் குனிஞ்சா டர்னு சத்தம் கேட்கும்.

கையை நீளமா வைன்னு கேட்டியே, அந்தப் போன்ல நீ சொன்ன அளவையெல்லாம் வச்சு நான் பேட்டர்ன் வெட்டினேன். கையை ஸ்லைட்டா இறக்கு, கழுத்தை ஸ்லைட்டா ஏத்து, தோளை ஸ்லைட்டா குறை, இடுப்பை ஸ்லைட்டா பிடி, ஸ்பீக்கர்ல நீ சொல்லிக்கிட்டே போறே, பின்னாடி அவர் என்ன இவ்வளவு நேரம்னு கேட்கிறது எனக்குக் கேட்குது. எவ்வளவுன்னு நான் கேட்டேன், நீ விரல் கணக்குச் சொன்னே, உன் தொழில் புத்தி அதுல மட்டும் இன்னும் போகலை. வெட்டின காகிதத்தை எல்லாம் கடையில துணி மாட்டுற டம்மி பொம்மை மேல குத்தி நிக்க வச்சேன். நிக்க வச்சுட்டு எட்டிப் போய்ப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் மூடிக்கிட்டு, விரல் நுனி மட்டும் வெளியே தெரிய, பாதியா வத்திப் போய் ஒருத்தி நிக்கிறா. அவளை எனக்குத் தெரியலை. நான் பெத்து அனுப்பினது தோளை நிமிர்த்திக்கிட்டு, அரைக் கை போட்டுக்கிட்டு, கையை வீசி வீசிப் பேசுற ஒருத்தியை. கழுத்தை எதுக்கு ஏத்தச் சொன்னேன்னு நீ எனக்குச் சொல்ல வேண்டாம்மா. மெஷின் மேல தலையை வச்சுக்கிட்டு அழுதேன். காஜா அக்கா எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கி விட்டா.

மறுநாள் காலையில வீட்டுல உன் அப்பாகிட்ட சொன்னேன். மனுஷர் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்து கேட்டுட்டு, பேப்பரைக்கூட மடிக்காம, ஸ்லைட்டா அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டுப் போகச் சொல்லு, ரெண்டும் சின்னஞ்சிறுசுங்க, நாள் போனா சரியாயிடும்னார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். கையை நீட்டுங்கன்னேன். எதுக்குன்னார். நீட்டுங்கன்னேன். மணிக்கட்டுக்கு மேல பிடிச்சேன் பாரு ஒரு பிடி. கத்திரி பிடிச்சுக் காய்ச்சுப் போன கை இது, கோட்டுத் துணி நாலு மடிப்பை ஒரே வெட்டுல வெட்டுற கை, உனக்குத் தெரியும். என் பலத்தை எல்லாம் சேர்த்துப் பிடிச்சேன். வலிக்குதுடி, விடுடி, பைத்தியம் பிடிச்சிருக்கான்னு கத்தினார். ஸ்லைட்டாத்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கன்னு சொல்லிட்டு இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். உன் அண்ணி சமையலறையில இருந்து ஓடி வந்து என் கையைப் பிரிச்சு விட்டா. சிவப்பா நாலு விரலும் பதிஞ்சிருந்தது. அன்னிக்குப் பூரா அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டே இருந்தார். சாயங்காலம் மறைஞ்சு போச்சு. மறைஞ்சதும் என்கிட்ட வந்து கையைக் காட்டினார், ஒண்ணும் தெரியலை பாருன்னார், அதே இடத்தைத் தன் கட்டைவிரலால அமுக்கிப் பார்த்துட்டு, அப்போ அவளுக்கு நீலமாகணும்னா எவ்வளவு அமுக்கியிருப்பான்னு கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு ஒரு பகல் முழுக்கத் தேவைப்பட்டிருக்கு, ஆனா கேட்டுட்டார். மறுநாள் யார்கிட்டயும் சொல்லாம உன் ரூம்ல நான் அடைச்சு வச்சிருந்த துணி மூட்டை, பழைய மெஷின் எல்லாத்தையும் தன்னந்தனியா வெளியே இழுத்துப் போட்டு, கட்டிலைத் துடைச்சு, ஜன்னல் கொக்கியை மாத்திக்கிட்டு இருந்தார். நான் முன்னே சொன்னதை அவ காதுல போடாதேன்னார். போட்டுட்டேன், எழுதிட்டேன், அவருக்கு வேணும்.

இதுவரைக்கும் உன் வீட்டுக்காரரை அவர் இவர்னு எழுதிக்கிட்டு வந்தேன், எழுதிப் பழகின கை. உன் அப்பா அமுக்கியிருப்பான்னு சொன்னாரே, அந்த நிமிஷத்துல இருந்து இந்த வீட்டுல அவன்தான். இனி நான் சொல்றதை நிதானமாப் படி. முட்டைக்கண்ணி, உன்கூடப் பள்ளிக்கூடத்துல படிச்சவ, நீ இருக்கிற ஊர்லயே ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்காளே, அவகிட்ட உன் அண்ணன் பேசிட்டான். அவ ஒரு கேள்வி கேட்கலை, எப்ப வரணும்னு மட்டும் கேட்டாளாம். அவ நம்பரை ஜாக்கெட் காலர்ல சைஸ் போட்ட துண்டுத் துணி இருக்குமே, அதுக்கு அடியில நூல்லயே தச்சிருக்கேன், தடவிப் பார்த்தாலே தெரியும், மனப்பாடம் பண்ணிக்கோ. பாஸ்போர்ட் உன் கைக்கு எட்டுற இடத்துல இருந்தா ஜாக்கெட்டோட உள் பாக்கெட்ல போட்டுக்கோ, அதுக்காகவே ஆழமா வச்சிருக்கேன். அவன் பூட்டி வச்சிருந்தா அதுக்காகச் சண்டை போடாதே, இழுத்துப் பார்க்காதே, விட்டுட்டு வா, அது இல்லாம வர்றதுக்கு என்ன வழின்னு உன் அண்ணன் விசாரிச்சு வச்சிருக்கான். காரை ஓட்டத் தெரியாட்டியும் இதுல அவன் கெட்டிக்காரனாத்தான் இருக்கான். பெட்டி கட்டாதே. பாத்திரம், துணி, போட்டோ எதையும் எடுக்காதே. ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுக் குப்பை கொட்டப் போற மாதிரி இறங்கி வா, மிச்சத்தை எல்லாம் நான் தச்சுத் தர்றேன். அவன் அழுவான், அதுக்குத் தயாராயிரு. கால்ல விழுவான், ஸ்லைட்டா தப்பு பண்ணிட்டேன்பான். அப்பவும் அந்த வார்த்தைதான் வரும், வேணும்னா பாரு.

நீ கேட்ட நீளக் கை டாப்ஸ் இந்தப் பார்சல்ல இல்லை, தேடாதே. நான் துணியை வெட்டவே இல்லை. உன் உடம்புல எவனோ போட்ட நீலத்தை மறைக்கிறதுக்கு என் மெஷின்ல ஒரு தையல் விழாது. அவன் கேட்டா அம்மா ஸ்லைட்டா மறந்துட்டாங்கன்னு சொல்லு, அவன் பாஷையிலயே சொல்லு. துணி கட்டிங் மேஜையிலதான் இருக்கு, நீ ஆசைப்பட்ட பச்சை. வந்து என் முன்னாடி நில்லு, நான் டேப்பை எடுக்கிறேன், கை எது வரைக்கும் வேணும்னு நீயே பிடிச்சுக் காட்டு, அந்த இடத்துல வெட்டுறேன்.

மத்தபடி இங்கே விசேஷம் ஒண்ணும் இல்லை. உன் அண்ணன் பொண்ணு கடைசியில அந்த வாக்கியத்தை அவளே எழுதிட்டா, என் பாட்டிக்கு ஸ்லைட்டாகக் கோபம் வரும்னு. டீச்சர் சரின்னு போட்டிருக்காங்க. நேரா வந்து என்னைப் பார்க்கச் சொல்லணும் அந்த டீச்சரை. பல் டாக்டர் போட்டு விட்ட பல்லு ஆடுது. மழை வந்தா குடையோடதான் குளிக்கப் போறோம். உன் அண்ணி உனக்குன்னு புதுத் துண்டு வாங்கி வச்சிருக்கா, யாரும் தொடக்கூடாதாம். நீ வேளைக்குச் சாப்பிடு, பசியில்லைன்னாலும் சாப்பிடு, நடக்கத் தெம்பு வேணும். படிச்சதும் இதைத் தண்ணியில ஊற வச்சுக் கரைச்சு ஊத்திடு, மெல்லிசு காகிதம், சீக்கிரம் கரையும். மஞ்சள் தையலைப் பிரிச்ச இடத்தை வாயைப் பிளந்துக்கிட்டு இருக்க விடாதே, வலது பாக்கெட்ல நீல நூலும் ஊசியும் போட்டிருக்கேன், உட்கார்ந்து மூடிடு, தையல் நேரா இருக்கட்டும், கோணலாத் தச்சே, வந்ததும் பிரிச்சு மறுபடி தைக்க வைப்பேன். உனக்கு ஒரு குறையும் வராது, தைரியமா இரு, என் ஆசீர்வாதம் உன் கூடவே வருது.

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். நீ கிளம்பத் தயாரானதும் எப்பவும் போல எனக்குப் போன் பண்ணு. ஸ்பீக்கர்லயே போடு, அவன் பக்கத்துலயே இருக்கட்டும். ஜாக்கெட் ஸ்லைட்டா டைட்டா இருக்கும்மான்னு சொல்லு. அவ்வளவு போதும், மறுநாள் காலையில அவன் ஆபீஸ் போன பிறகு முட்டைக்கண்ணி உன் வீட்டு முனையில வண்டியோட நிப்பா. அந்த வார்த்தை அவன் காதுல ஏறாது, அவனுக்கு அது மூச்சு விடுற மாதிரி. என் காதுல ஏறும். நான் இத்தனை வருஷமா அதைக் கேட்டதும் எவ்வளவுன்னு கேட்காம யாரையும் விட்டதில்லை. அன்னிக்கு உன்னைக் கேட்க மாட்டேன். சரிம்மான்னு மட்டும் சொல்லிட்டுப் போனை வச்சுடுவேன்.

உன் வரவைப் பார்த்துக்கிட்டு,
அம்மா